ஐஸ்பெட்டி மேல் ஆட்டுக்குட்டி

கிழங்கு அடைத்துப் பொரித்த ஒரு கறிபாப்புக்கு ஆசைப்பட்டு, ஓர் ஆட்டுக்குட்டியை முதலையின் வாய்க்கு எதிரே நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தவன் நான்.

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் நடக்கும் கதை சொல்லும் போட்டி, மாவட்ட நிலை. நான் தலைமை நீதிபதி. மணியடிப்பது என் வேலையில்லை. அதற்கென்று மணிக்காப்பாளர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருடைய கார் யாருடைய காரையோ மறித்துக்கொண்டு நிற்பதாக ஒலிபெருக்கியில் மறுபடி மறுபடி அறிவிப்பு வந்ததும், மனிதர் மணியை என் பக்கம் தள்ளி, "ஒரு நிமிசம் பாத்துக்குங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு ஓடினார். பார்த்துக்கொள்ள அதில் என்ன இருக்கிறது? ஹோட்டல் முகப்பில் வைத்திருப்பார்களே, தலையில் தட்டினால் 'டிங்' என்னும், அந்த ரகம். ஒரு தட்டு தட்டினால் நேரம் நெருங்குகிறது என்று பொருள். இரண்டு தட்டினால் கதை முடிந்தது, மேடையை விட்டு இறங்கு என்று பொருள்.

மேடையில் லோஷினி. சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற ஒரு சின்னப் பள்ளியின் மூன்றாம் ஆண்டு மாணவி. இரட்டைச் சடை. முன்பல் ஒன்று விடுமுறையில் இருந்தது. "நீதி வழுவா நீதிபதிகளே, மணிக்காப்பாளரே" என்று எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் ஆரம்பித்தாள். கதைக்குள் போனதும் குரல் மாறிவிட்டது. வெள்ளம் வருகிறது. ஆற்றோரக் கம்பத்தில், அந்தச் சிற்றூரில், வீடுகள் எல்லாம் மூழ்குகின்றன. நாற்காலி மிதக்கிறது, மெத்தை மிதக்கிறது, சமையலறை ஐஸ்பெட்டி ஒன்று மல்லாந்து மிதந்து வருகிறது. அதன்மேல் ஏறிக்கொள்கிறது ஓர் ஆட்டுக்குட்டி. பின்னாலேயே முதலை. லோஷினி இரண்டு கைகளையும் தாடையாக்கி மெல்ல விரித்தாள்.

"முதலை வாயைத் திறந்தது! ஆட்டுக்குட்டி பார்த்தது! உடனே அது என்ன செய்தது தெரியுமா, நண்பர்களே?"

அந்த நேரத்தில்தான் என் கை கறிபாப் தட்டை நோக்கிப் போனது. முழங்கை மணியின் தலையில் பட்டது. டிங். பதறிப்போய், சத்தத்தை அமுக்கலாம் என்று உள்ளங்கையால் மணியை மூடினேன். மேசை மணியை மேலிருந்து அமுக்கினால் என்ன ஆகும் என்பது எந்தக் கைக்குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரிந்தது, அமுக்கிய பிறகு. டிங்.

லோஷினி பயிற்சி பெற்ற பிள்ளை. திறந்த முதலை வாயை அப்படியே கும்பிடாக மடித்து, "இத்துடன் என் கதையை முடித்துக்கொள்கிறேன், நன்றி, வணக்கம்" என்று சொல்லி இறங்கிப் போனாள். மண்டபமே வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. யாரோ ஒருவர் கைதட்டினார். தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் மற்றவர்களும் தட்டினார்கள். நான் எழுந்து "இரும்மா, இரும்மா" என்று கையை ஆட்டுவதற்குள் அடுத்த பிள்ளை மேடையேறி, நீதி வழுவா நீதிபதிகளுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். விதிப்படி, பங்கேற்பாளர் நன்றி சொன்னால் கதை முடிந்தது. முடிவுக்கும் படிப்பினைக்கும் உரிய புள்ளிகள் லோஷினிக்கு விழவில்லை. முடிவு அறிவித்தபோது அவள் பெயர் கடைசிப் பக்கமாக எங்கோ இருந்தது.

இந்த இடத்தில் நான் யார் என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும்தான், ஆனாலும். என் பெயர் சுகுமாறன். ஜொகூர் பாருவில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சிறுவர் இலக்கியம் கற்பிக்கும் விரிவுரையாளன். என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் பொருள், சிறுவர் கதைகளில் முடிவு. ஆமாம், முடிவுதான். ஒரு கதை எப்படி முடிந்தால் ஒரு பிள்ளையின் மனத்தில் என்ன நடக்கிறது என்பதை ஆறு இயல்களில் ஆராய்ந்திருக்கிறேன். அதற்காக ஒரு பிள்ளையையும் தொந்தரவு செய்யவில்லை. எல்லாவற்றையும் நூலகத்திலேயே முடித்துக்கொண்டேன். தங்க எழுத்தில் அட்டை கட்டிய அந்த ஏட்டை இதுவரை படித்தவர்கள் நான், என் மேற்பார்வையாளர், அட்டை கட்டியவர். மேற்பார்வையாளரைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு.

போட்டி முடிந்ததும் லோஷினியின் ஆசிரியையைத் தேடிப் போனேன். யோகேஸ்வரி. என்னிடமே படித்து ஆசிரியையாகப் போனவர். அந்தக் கதையை எழுதியவரும் அவர்தான். வாசலில், பிள்ளையின் தண்ணீர்ப் புட்டியைப் பிடித்துக்கொண்டு வேனுக்குக் காத்திருந்தார்.

"மன்னிச்சிருங்க டீச்சர். முழுக்க என் தப்பு."

"பரவால்ல சார்."

மலேசியத் தமிழில் 'பரவால்ல' என்ற சொல்லுக்கு எத்தனையோ அர்த்தம். அன்றைக்கு அது 'உங்கள் தலையில் இடி விழ' என்ற அர்த்தத்தில் வந்தது.

"ஆட்டுக்குட்டி என்ன செஞ்சிச்சு டீச்சர்?"

"அது வந்து சார்... பொறுமையோட மேன்மையத்தான் இந்தக் கதையில வலியுறுத்துறோம்."

"சரி. ஆடு?"

"படிப்பினையில எல்லாம் வந்துரும் சார்."

குனிந்து லோஷினியிடம் கேட்டேன். "சார் மேல கோபமாம்மா?"

அவள் ஆசிரியையைப் பார்த்தாள். "கோபமெல்லாம் இல்ல சார்னு சொல்லு" என்றார் யோகேஸ்வரி.

"கோபமெல்லாம் இல்ல சார்" என்றாள் லோஷினி, தரையைப் பார்த்துக்கொண்டு. வேன் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

வீட்டில் கஸ்தூரியிடம் சொன்னேன். என் மனைவி. சிங்கப்பூரில் ஒரு கிளினிக்கில் வேலை. வாரத்தில் ஐந்து நாள் பாலம் கடந்து போய் வருகிறவளுக்குச் சனிக்கிழமை மாலையில் பொறுமை கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். முழுவதையும் கேட்டுவிட்டு, கறிபாப் எப்படி இருந்தது என்று கேட்டாள்.

"சாப்பிடவே இல்ல."

"அப்ப ரெண்டு பேருக்கும் நட்டம். சரி, ஆடு என்ன ஆச்சு?"

"அதத்தான் யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க."

"நீங்கதானே முடிவுல டாக்டரு? ஒரு ஆட்டுக்கு முடிவு சொல்ல முடியலையா? அந்தப் பிள்ளைக்கு ஏதாச்சும் செய்யுங்க, சொல்லிட்டேன். எட்டு ஒம்பது வயசுப் பிள்ளை. அத்தன பேரு முன்னாடி பாதியில கும்பிட்டு எறங்கிப் போயிருக்கு. இனிமே வாழ்நாளெல்லாம் மைக்கப் பாத்தா ஓடப்போகுது."

அந்தக் கடைசி வாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டது. அன்று படுக்கும்போதுகூட மிதக்கிற ஐஸ்பெட்டிதான் கண்ணுக்குள் இருந்தது.

திங்கட்கிழமை வகுப்பில், பெயர் சொல்லாமல், "ஒரு நடுவர் தவறுதலாக மணியை அடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம்" என்று ஆரம்பித்தேன். பயிற்சி ஆசிரியர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் மேசையைப் பார்த்தார்கள். காணொளி ஞாயிற்றுக்கிழமையே வாட்சாப்பில் எல்லாரிடமும் போய்ச் சேர்ந்துவிட்டதாம். அதில் என் முகம் நன்றாகத் தெரிகிறதாம். கறிபாப்பும்.

"இப்ப அந்தப் பிள்ளையோட நெல என்னா?" என்று கேட்டேன்.

விஜயன் என்ற மாணவன் கையைத் தூக்கினான். "சார், இது திறந்த முடிவு வகையச் சேர்ந்தது. பிள்ளையோட கற்பனைக்கு இடம் தருது. உங்க குறிப்புல மூணாவது பக்கம் சார்."

"அது திறந்த முடிவு இல்லய்யா. திறந்த வாய். முதலையோடது."

சிரித்தார்கள். மதிப்பெண் போடுகிறவன் சொன்ன நகைச்சுவைக்கு உரிய அளவு சிரித்தார்கள். பிறகு குறிப்பெழுத ஆரம்பித்தார்கள். பின்வரிசைப் பெண் ஒருத்தி 'திறந்த வாய்' என்று எழுதி அடிக்கோடு போட்டதை நானே பார்த்தேன். அடுத்த தேர்வில் அது விடையாக வரும்.

அந்த அடிக்கோட்டைப் பார்த்ததும்தான் முடிவு செய்தேன், லோஷினிக்கு இன்னொரு வாய்ப்பு வாங்கித் தருவதென்று.

போட்டி ஏற்பாட்டுக் குழுவின் தலைவர் சிற்றம்பலம். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். யாழ்ப்பாணத் தாத்தா வழி வந்த மிடுக்கும், அரசாங்க வேலையில் ஆயுள் முழுக்க யாருக்கும் 'ஆம்' என்றும் 'இல்லை' என்றும் சொல்லாமலே ஓய்வு பெற்ற திறமையும் உள்ளவர். தொலைபேசியில் பிடித்தேன்.

"வணக்கம் ஐயா. அந்தப் பிள்ளைக்கு மறுவாய்ப்பு குடுக்க முடியுமா?"

"நல்ல கேள்வி, டாக்டர்."

"முடியுமா ஐயா?"

"முடியாது எண்டு நான் சொல்லேல்ல."

"அப்ப முடியும்."

"அப்பிடியும் சொல்லேல்ல. யோசிப்பம்."

"எப்ப யோசிப்பீங்க?"

"அதையும் யோசிக்க வேணும்தானே."

ஒரு வாரம் இப்படியே போனது. நான் விடவில்லை. மாநிலப் போட்டிக்கு என்னைத்தான் நீதிபதியாகப் போட்டிருந்தார்கள். லோஷினிக்கு வழி செய்யாவிட்டால் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். யாரும் பதறவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். "மணியடிக்க வேற ஆள் பாக்கிறம்" என்றார் சிற்றம்பலம்.

பிறகு அதிர்ஷ்டம் குறுக்கே வந்தது. மாவட்டத்துக்கு இரண்டு பிள்ளைகள் மாநிலப் போட்டிக்குப் போகலாம். இரண்டாம் இடம் பெற்ற பையனின் குடும்பம் சிங்கப்பூருக்கே குடிபோய்விடுகிறது என்றும், ஓர் இடம் காலி என்றும் செய்தி வந்தது. குழு கூலாயில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கூடியது. தோசை வந்தது, தே தாரே தேநீர் வந்தது, இன்னொரு சுற்றுத் தோசை வந்தது. காசு நான் கொடுத்தேன், பாவத்துக்குப் பரிகாரமாக. கடைசியில் சிற்றம்பலம் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"வாற சனிக்கிழமை அந்தப் பிள்ளை நீதிபதிகளுக்கு முன்னால கதையை முழுசாச் சொல்லட்டும். நல்லாச் சொன்னால் மாநிலத்துக்கு அனுப்புவம். ஒரு நிபந்தனை. பிள்ளை தானா மனமுவந்து வரவேணும். பிறகு கட்டாயப்படுத்தி ஏத்தினம், பிள்ளை அழுதிட்டுது எண்டு ஒருத்தரும் கதைக்கக் கூடாது. நீங்கள் நேர போய்ப் பிள்ளையிட்டயே கேட்டுச் சொல்லுங்கோ, டாக்டர். அது உங்கட பொறுப்பு."

இதற்குள் ஒரு பொறி இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. கேட்டால் சரி என்று சொல்லப்போகிறாள். பிள்ளை வேறு என்ன சொல்லும்? சொல்லப்போனால், ஒரு பிள்ளையிடம் நேரே ஒரு கேள்வி கேட்டு எத்தனை வருடமாகிறது என்பதுதான் காரில் போகும்போது எனக்கு உறைத்தது. எங்கள் துறையில் அப்படிக் கேட்பது வழக்கமில்லை. பிள்ளைக்கு எது பிடிக்கும், பிள்ளை எதற்குப் பயப்படும், பிள்ளைக்கு எத்தனை சொல் தெரிந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் ஏற்கெனவே கட்டுரைகளில் முடிவாகிவிட்டது. பிள்ளையை நடுவில் கூட்டி வந்தால் கட்டுரைதான் குழம்பும்.

நெடுஞ்சாலையில் கூலாய் தாண்டி, சிம்பாங் ரெங்கத்தில் இறங்கி, செம்பனைப் பழக்குலை ஏற்றிய லாரி ஒன்றின் பின்னால் ஊர்ந்து அந்தப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தேன். பக்கத்து இருக்கையில் லோஷினிக்கு ஒரு வண்ணப் பென்சில் பெட்டி. அதன் கீழே என் ஆய்வேட்டின் பிரதி ஒன்று, பள்ளி நூலகத்துக்கு. பழக்கம், விட முடியவில்லை.

யோகேஸ்வரி வாசலிலேயே காத்திருந்தார். செய்தியை முன்பே தொலைபேசியில் சொல்லியிருந்தேன்; நேரில் கேட்டதும் அவர் கண் கலங்கிவிட்டது. இந்த முறை 'பரவால்ல' சொல்லவில்லை.

"சார், நான் இந்தப் பள்ளிக்கு வந்ததுலேர்ந்து ஒரு பிள்ளகூட மாநிலத்துக்குப் போனதில்ல. இந்த வருசம் முதலாம் ஆண்டுக்கு எத்தன பேரு சேர்ந்தாங்க தெரியுமா? மேசைதான் நெறைய இருக்கு. அப்பா அம்மாங்க எல்லாம், டவுன் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பிரலாம்னு நிக்கிறாங்க. ஒரு பிள்ள மேடையேறி ஜெயிச்சா, நாலு பேரு நம்ம பேரச் சொல்லுவாங்கல்லா?"

அதைக் கேட்டதும் நான் சுருங்கிப்போனேன். என் முழங்கை எதன்மேல் பட்டிருக்கிறது என்று அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது.

"அவங்க அம்மா புதுப் பாவாடை தைக்கக் குடுத்தாச்சு சார். பயிற்சியும் ஆரம்பிச்சாச்சு."

"லோஷினிய கேட்டீங்களா டீச்சர்?"

"கேக்காம என்னா சார். அவளுக்கு அவ்ளோ ஆச."

"அவளே சொன்னாளா?"

யோகேஸ்வரி கொஞ்சம் தடுமாறினார். "அவ பேசுற பிள்ளையா சார்? ரொம்ப அமைதி. அன்னிக்கு நடந்ததுக்கு அப்பறம் இன்னும் அமைதி. பயிற்சிக்கு நிக்க வெச்சா முதலை வாயத் தொறக்குற எடம் வரைக்கும் சொல்றா. அப்பறம் கம்முனு நிக்கிறா. அதிர்ச்சிலா சார், வேற என்னா."

அதிர்ச்சி. கஸ்தூரி சொன்னபடியேதான்.

"அந்த எடத்துக்கு அப்பறம் என்னதான் டீச்சர் நடக்குது? இப்பவாச்சும் சொல்லுங்க."

"ஊர் மக்கள் படகுல வந்து காப்பாத்திருவாங்க சார்."

"ஆட்டுக்குட்டி என்ன செய்யும்?"

"பொறுமையா காத்திருக்கும்."

"முதலை?"

"அதுவும்..." என்று இழுத்தார். "அது போயிரும் சார். பொறுத்தார் பூமியாள்வார்ங்கிறதுதான் படிப்பினை." பிறகு, என் முகத்தில் எதையோ பார்த்துவிட்டு, கொஞ்சம் சூடாகவே சொன்னார். "நீங்க சொல்லிக் குடுத்ததுதான் சார். முடிவுல ஆபத்து நீடிக்கக் கூடாது, பெரியவங்க வந்து ஒழுங்குபடுத்தணும், படிப்பினை ஒரே வரியில தெளிவா வரணும். உங்க குறிப்பு இன்னும் என் மேசையிலதான் இருக்கு. பாக்குறீங்களா?"

வேண்டாம் என்றேன். எழுதியவனுக்கே அதைப் பார்க்கத் தைரியம் இல்லை. பென்சில் பெட்டியை எடுத்துக்கொண்டு, ஆய்வேட்டைக் காரிலேயே விட்டுவிட்டு, பிள்ளை எங்கே என்று கேட்டேன்.

"ஓய்வு நேரம் சார், கேண்டின்ல ஒரு மூலையில உக்காந்திருப்பா. கூட்டிட்டு வரவா?"

"நானே போறேன். தனியா கேக்கணும்னு உத்தரவு."

கேண்டினில் மூலை இருந்தது. அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. நடுவில், நீள மேசையைச் சுற்றி, பள்ளிக்கூடமே ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டு நின்றது. நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கள் பிரிக்கப்படாமல் கிடந்தன. சமையற்கார அக்காகூடக் கரண்டியோடு வெளியே வந்து நின்றுகொண்டிருந்தார். பெஞ்சின்மேல் நின்றுகொண்டிருந்தது என் அமைதியான பிள்ளை.

நான் கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்துத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். முனைவர் பட்டம் பெற்ற உடம்பு, அந்தத் தூணுக்கு இரண்டு பக்கமும் வழிந்தது.

"முதலை வாயத் தொறந்திச்சு!" லோஷினியின் குரல் கேண்டின் தகரக்கூரையில் முட்டியது. "ஆட்டுக்குட்டி என்னா செஞ்சிச்சு? டப்புனு ஐஸ்பெட்டி கதவத் தொறந்திச்சு!"

"நேத்து முதலைக்குப் பல்லு வலின்னு சொன்ன!" என்று ஒரு பையன் கத்தினான்.

"அது நேத்து. இது இன்னிக்கு. கேக்குறதுன்னா கேளு, இல்லன்னா போ. கதவத் தொறந்திச்சா, உள்ள இருந்து சம்பல் டப்பா. பிளாச்சான் சம்பல். எங்க அத்த செய்வாங்களே, அந்தக் காரம். ஆட்டுக்குட்டி அத அப்படியே தூக்கி முதலை வாயில கொட்டிருச்சு!"

"அலாமாக்!" என்றது கூட்டம், ஒரே குரலில்.

"முதலைக்குக் கண்ணுல தண்ணியா ஊத்துது. அழுவுது, அழுவுது. அது அழுத அழுவயில வெள்ளம் இன்னும் ஏறிருச்சு. ஐஸ்பெட்டி மேல போவுது, மேல போவுது, செம்பனை மரத்து உச்சிக்குப் போயிருச்சு. அங்க பாத்தா..." அவள் குரலைத் தாழ்த்தினாள். சமையற்கார அக்கா ஓர் அடி முன்னால் வந்தார். நானும் வந்திருப்பேன் போலிருக்கிறது. "அங்க ஏற்கெனவே ஒருத்தர் உக்காந்திருக்காரு."

"யாரு?"

"நாளைக்கு."

கூட்டம் ஊளையிட்டது. லோஷினி அசையவில்லை. கையை நீட்டினாள். ஒவ்வொருவராக ஒரு துண்டு கெரோப்போக் வறுவலை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். ஒரு சின்னப் பெண் கெரோப்போக் இல்லை என்று பாதி மிட்டாயைக் கொடுத்தாள். அதையும் வாங்கிக்கொண்டாள். ஆறு இயல்கள் எழுதிய எனக்கு இதுவரை யாரும் ஒரு கெரோப்போக் கொடுத்ததில்லை.

தூணுக்கு வெளியே வழிந்திருந்த என்னை அப்போதுதான் பார்த்தாள். பெஞ்சிலிருந்து சட்டென்று இறங்கினாள். முகம் பழைய முகமாகிவிட்டது. கண் தரைக்குப் போனது.

நான் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அது சின்னப் பிள்ளைகளுக்குச் செய்த பெஞ்சு. முழங்கால் என் தாடைக்கு வந்தது. நல்லதுதான், இரண்டு பேரும் ஒரே உயரமானோம்.

"நானும் கேட்டேன். கெரோப்போக் கொண்டு வரல. இது எடுத்துக்கிறியா?" பென்சில் பெட்டியை நகர்த்தினேன்.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு, நியாயமாக நடந்துகொள்ள வேண்டுமென்று நினைத்தாளோ என்னவோ, குவியலிலிருந்து ஒரு கெரோப்போக்கை எடுத்து என் பக்கம் வைத்தாள்.

"இத்தன முடிவும் நீயே யோசிச்சதா?"

தலையாட்டினாள்.

"அன்னிக்குப் போட்டி முடிஞ்சதுலேர்ந்தா?"

"வேன்லயே கேட்டாங்க சார். அப்பறம் என்னா ஆச்சு, அப்பறம் என்னா ஆச்சுன்னு. அஞ்சாம் ஆண்டு அக்காங்ககூடக் கேட்டாங்க. இதுக்கு முன்னாடி அவங்க என்கிட்டப் பேசவே மாட்டாங்க."

"டீச்சர் எழுதின முடிவு அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது. நான் சொல்லல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பயிற்சியிலயும் சொல்லல. ஜன்னல் பக்கம் நின்னு கேப்பாங்க சார்" என்றாள்.

அவளுடைய அதிர்ச்சி எப்படிப்பட்டது என்று எனக்குப் புரிய ஆரம்பித்தது. மணி அடித்துவிடுமே என்று பயமாகவும் இருந்தது. இந்த முறை பள்ளிக்கூட மணி. அதன் பக்கத்தில் நான் இல்லை.

"லோஷினி, சனிக்கிழம நீ மேடையேறி முழுக் கதையும் சொல்லலாம்னு பெரியவங்க எல்லாம் சொல்லிட்டாங்க. நல்லாச் சொன்னா மாநிலப் போட்டிக்குப் போவ. ஜொகூர் பாருல, பெரிய மண்டபம். டீச்சருக்கு ரொம்ப சந்தோசம். அம்மா பாவாட தைக்கக் குடுத்திருக்காங்களாம். எனக்கும் ஆசதான், மறைக்கல. ஆனா அவங்க ஆச எதுவும் வேணாம், என் ஆசயும் வேணாம். உனக்குப் போக விருப்பமா, இல்லையா? நீ சொல்றதத்தான் நான் போய்ச் சொல்லுவேன்."

அவள் கண்ணை உயர்த்தி, நான் எந்த வகை ஆள் என்று அளந்து பார்த்தாள்.

"நெசமா சொல்லவா சார்?"

"நெசமா."

"டீச்சருக்குக் கோபம் வருமே."

"என்மேல வர்ற மாதிரி பாத்துக்கிறேன். ஏற்கெனவே இருக்குற கோபத்தோட இதும் சேர்ந்துக்கும்."

முன்பல் இல்லாத இடத்தில் நாக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. கெரோப்போக் குவியலை இரண்டு கையாலும் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டு சொன்னாள்:

"வரல சார். அங்க ஏறி முடிவச் சொல்லிட்டேன்னா, நாளைக்கு என்கிட்ட வந்து யாரு சார் கேப்பா?"